சேராத குட்டி, சுரக்காத மடி, பிரியாத ஜோடி: வாசகர் கேள்வி–பதில்

தாயும் குட்டியும், ஆணும் பெண்ணும், ஒரே மந்தையில் வளர்ந்த இரண்டும் ஒன்றை ஒன்று விடாமல் ஒட்டிக்கொள்கின்றனவே, அப்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? இதைக் கேட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வட ஆற்காடு முழுவதிலுமிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கொட்டகையிலும் தொழுவத்திலும் இருப்பவர்களின் கேள்விகள் காத்திருக்க முடியாதவை என்பதால் அவற்றை முன்னால் வைத்திருக்கிறோம்.

தலை ஈற்று செம்மறி ஒன்று இரட்டைக் குட்டி போட்டது. ஒன்றை நக்கிப் பால் கொடுக்கிறது. மற்றதைக் கிட்டவே சேர்க்காமல் முட்டித் தள்ளுகிறது. ஊசி போட்டால் பாசம் வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
— ஆடு வளர்ப்பவர், ஒடுகத்தூர்

முதலில் குட்டியின் வயிற்றைக் கவனியுங்கள். தாயைப் பிடித்துக் கட்டிச் சீம்பாலைக் கறந்து, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மி.லி. ஒரு வேளை அளவு. 2 கிலோ குட்டிக்கு வேளைக்கு 100 மி.லி. வீதம் முதல் 24 மணி நேரத்தில் நான்கு வேளை. உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்குச் சங்கில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அப்படிப்பட்ட குட்டிக்குக் கால்நடை மருத்துவர் குழாய் வழியாகக் கொடுப்பதே பத்திரம்.

இனி காரணத்துக்கு வருவோம். செம்மறி தன் குட்டியை அடையாளம் காண்பது மூக்கால். சினையின் கடைசியில் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. இது மூளையைத் தயார்ப்படுத்தும் கட்டம். குட்டி வெளியே வரும்போது கருப்பை வாயும் பிறப்புப் பாதையும் விரிகின்றன. அந்த விரிவின் செய்தி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஏறி, மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் உள்ள நரம்புச் செல்கள் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை மூளைக்குள்ளேயே விடுகின்றன. கூடவே மோப்பத்தைக் கையாளும் பகுதியில் நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்திப் பொருள் பெருகுகிறது. இவை இரண்டும் சேர்ந்த அந்த நேரத்தில் எந்தக் குட்டியின் வாடை மூக்கில் ஏறுகிறதோ அதுதான் 'என் குட்டி' என்று பதிகிறது. பனிக்குட நீரின் வாடை மற்ற நாட்களில் ஆட்டுக்குப் பிடிக்காது. ஈன்ற சில மணி நேரம் மட்டும் அதற்கு அதைவிட இழுக்கும் வாடை வேறில்லை. அதனால்தான் குட்டியை அப்படி நக்குகிறது.

இந்த வாசல் அதிக நேரம் திறந்திருப்பதில்லை. செம்மறியில் ஈன்ற சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் குட்டியின் வாடை பதிந்துவிடும். அதற்குப் பிறகு வேறு குட்டி வந்தால் முட்டும். பிறந்ததுமே குட்டியைப் பிரித்துப் பல மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தால், சொந்தக் குட்டியையே சேர்க்காத தாய்கள் நிறைய. வெள்ளாட்டில் நேரம் இன்னும் குறைவு. பிறந்தவுடன் ஐந்து நிமிடம் தாயோடு இருந்தாலே போதும், பிறகு சில மணி நேரம் பிரித்தாலும் ஏற்றுக்கொள்கிறது என்று 1964-ல் பீட்டர் கிளாப்ஃபர் குழுவினர் காட்டினார்கள்.

உங்கள் ஆட்டுக்கு அநேகமாக நடந்தது இதுதான். தலை ஈற்று ஆட்டுக்கு இந்த மூளைப் பாதை முதல்முறை வேலை செய்வதால் கொஞ்சம் தடுமாறும். முதல் குட்டியை நக்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது விழுந்திருக்கும். யாராவது அதை எடுத்துத் துடைத்துச் சாக்கில் படுக்க வைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வாடையெல்லாம் துணியோடு போய்விட்டது. குட்டி பிறந்தால் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் எடுங்கள். தொப்புளுக்கு டிங்சர் அயோடின் வையுங்கள். மேல் உடம்பைத் தாய் பார்த்துக்கொள்ளட்டும். டெட்டால், மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எதையும் முதல் நாள் உடம்பில் தடவ வேண்டாம். தாய் எங்கே குட்டி போட்டதோ அங்கேயே இரண்டு மணி நேரமாவது இருக்கவிட்டு, பிறகு கொட்டகைக்கு மாற்றுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாக, கெட்டியாக இருந்தால் அது மடிநோய். வலியால் உதைக்கிற ஆட்டுக்கு எந்த வாடை வைத்தியமும் பலிக்காது. மடி நன்றாக இருந்தால் நான்கடிக்கு நான்கடி பட்டியில் தாயையும் இரண்டு குட்டிகளையும் மட்டும் விடுங்கள். தாயின் கழுத்தைக் குட்டையாகக் கட்டுங்கள். படுத்து எழவும், தீனி தண்ணீர் எட்டவும் வேண்டும். திரும்பி முட்ட மட்டும் முடியக்கூடாது. நஞ்சுக்கொடியோ பனிக்குட நீர் ஊறிய வைக்கோலோ இன்னும் இருந்தால் அதைத் தள்ளப்பட்ட குட்டியின் முதுகு, பின்பகுதி, வால் அடியில் நன்றாகத் தேயுங்கள். தாய் பால் கொடுக்குமுன் முகர்வது அந்த இடத்தைத்தான். நக்கப்படும் குட்டியையும் இதையும் ஒன்றாக உரசவிடுங்கள். இரண்டு முதல் நான்கு நாளில் அந்தக் குட்டி தாயின் பாலையே குடித்து, சாணத்திலும் மூத்திரத்திலும் அந்த வாடையே வர ஆரம்பிக்கும். அப்போது கயிற்றைத் தளர்த்திப் பாருங்கள். குட்டி செத்த தாய்க்கு அனாதைக் குட்டியைச் சேர்க்க, செத்த குட்டியின் தோலைச் சட்டை மாதிரி இரண்டு மூன்று நாள் போர்த்துகிற பழைய முறையும் இதே காரணத்தால்தான் பலிக்கிறது. தொற்றுநோயில் செத்த குட்டியின் தோலை மட்டும் தொடவே கூடாது.

ஊசி விஷயம்: தொடையிலோ கழுத்திலோ போடும் ஆக்ஸிடோசின் இரத்தத்தில் சுற்றும், கருப்பையைச் சுருக்கும், பாலை இறக்கும். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போவது மிகச் சொற்பம். கீத் கெண்ட்ரிக், பேரி கெவர்ன் குழுவினர் 1987-ல் சினையில்லாத ஆடுகளிடம் தாய்மை நடத்தையை வரவழைத்தது மூளையின் திரவ அறைக்குள்ளேயே ஆக்ஸிடோசினைச் செலுத்தித்தான். அதற்கு முன், 1983-ல், கருப்பை வாயைச் சில நிமிடம் விரித்துத் தூண்டினாலே ஹார்மோனால் தயாரான ஆடு வேறு குட்டியை ஏற்றுக்கொள்ளும் என்று கெவர்ன் குழு கண்டறிந்தது. பிறப்புப் பாதையின் அதே நரம்பு வழிதான். ஈன்று ஓரிரு நாளே ஆன தாய்க்குக் கால்நடை மருத்துவர் கையுறை போட்டுச் சுத்தமாக இதைச் செய்யலாம். பழக்கமில்லாதவர் கை வைத்தால் கருப்பையில் சீழ் பிடிக்கும்.

கன்று செத்து நான்கு நாள் ஆகிறது. மாடு பாலை அடக்கிக்கொள்கிறது, அரை லிட்டருக்கு மேல் இறங்கவில்லை. ஊசி போட்டுக் கறக்கலாமா?
— வாசகி, அணைக்கட்டு

வேண்டாம். மாட்டின் மடியில் காம்புக்கு மேலே உள்ள தேக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு பால்தான் நிற்கிறது. மற்றது முழுவதும் பால் சுரக்கும் நுண்ணறைகளில் இருக்கிறது. எருமையில் தேக்கத்தில் நிற்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். உங்களுக்குக் கிடைக்கும் அரை லிட்டர் அந்தத் தேக்கத்துப் பால். நுண்ணறைகளைப் பிழிவது அவற்றைச் சுற்றியுள்ள தசைச் செல்கள். அவை சுருங்க ஆக்ஸிடோசின் வர வேண்டும். கன்று முட்டும்போதும் காம்பைக் கை தொடும்போதும் அது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியிலிருந்து புறப்பட்டு ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் மடியை எட்டும். இரத்தத்தில் அதன் வேகம் சில நிமிடங்களுக்குத்தான். மாடு பயந்தால், அதட்டப்பட்டால், அட்ரினலின் வந்து இந்த வேலையைக் கெடுத்துவிடும். கன்றைத் தேடும் மாட்டைக் கோலால் தட்டிக் கறந்தால் பால் இறங்காது என்பது இதனால்தான்.

கறப்பவர், நேரம், இடம் மூன்றையும் மாற்றாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் மடியைத் துடைத்து, முதல் இரண்டு பீச்சலைத் தனிப் பாத்திரத்தில் விட்டுத் திரி திரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நிமிடம் மடியைக் கன்று முட்டுவது மாதிரி உள்ளங்கையால் தடவி அழுத்துங்கள். தவிடு, புண்ணாக்கை அந்த நேரத்தில்தான் முன்னால் வையுங்கள், முன்பும் வேண்டாம், பின்பும் வேண்டாம். சில நாளில் வாளிச் சத்தமும் தவிட்டு வாடையுமே கன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மூளையிலிருந்து ஆக்ஸிடோசினை வரவழைக்கும். சுரப்பு விட்டதும் நிற்காமல் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் கறந்து முடியுங்கள். நடுவில் எழுந்து போனால் மீதிப் பால் மடியிலேயே தங்கி, அடுத்தடுத்த நாள் சுரப்பே குறையும்.

தினமும் ஊசி போட்ட மாடு ஊசி இல்லாமல் சுரப்பு விட மறந்துபோகும். பால் கூட்டுவதற்காகக் கறவை விலங்குக்கு அதன் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம். ஊசி போட்ட பாலைக் குடித்தால் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஆக்ஸிடோசின் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதத் துணுக்கு. வயிற்றிலும் குடலிலும் அது செரித்துவிடும். கெடுதல் எல்லாம் மாட்டுக்குத்தான், அதுவே போதுமான காரணம்.

ஒரே துணையோடு வாழும் விலங்குகளுக்கு ஆக்ஸிடோசின்தான் காரணம் என்று வகுப்பில் படித்தோம். இணையத்தில் 'அது தவறு என்று நிரூபித்துவிட்டார்கள்' என்று பார்த்தேன். எதைத் தேர்வில் எழுதுவது?
— விலங்கியல் மாணவி, ஆற்காடு

இரண்டையும் எழுதுங்கள், ஆனால் எது எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்று பிரித்து எழுதுங்கள். மதிப்பெண் மட்டுமல்ல, விஷயமே அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

பாலூட்டி இனங்களில் ஆணும் பெண்ணும் ஜோடியாகத் தங்குபவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பறவைகளிலோ பத்துக்கு ஒன்பது. அந்தச் சில பாலூட்டிகளில் ஒன்று வட அமெரிக்கப் புல்வெளியில் வாழும் பிரெய்ரி வோல் என்னும் குட்டை வால் எலி. இல்லினாய்ஸில் லோவெல் கெட்ஸ் கூண்டு வைத்து எண்ணிக்கை எடுத்தபோது, அதே ஆணும் அதே பெண்ணும் திரும்பத் திரும்ப ஒரே கூண்டில் சேர்ந்து மாட்டின. அங்கிருந்து சூ கார்ட்டர் ஹார்மோன் பக்கம் ஆராயத் தொடங்கினார். இதே பேரினத்தைச் சேர்ந்த மலை வோலும் மெடோ வோலும் ஜோடி சேர்வதில்லை. உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லாத, நடத்தையில் நேரெதிரான உறவினங்கள் கிடைத்தது ஆய்வாளர்களுக்குப் பெரிய கொடை.

ஜோடிப் பற்றை அளக்கும் சோதனையை விரிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஓர் ஆணையும் பெண்ணையும் 24 மணி நேரம் ஒன்றாக விடுகிறார்கள். பிறகு குழாய்களால் இணைத்த மூன்று அறைகள். ஒரு பக்க அறையில் அந்தத் துணை, மறுபக்கம் முன்பின் பார்க்காத ஒன்று, நடு அறை காலி. துணையும் அந்நியமும் கழுத்தில் சின்னக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும், தங்கள் அறையை விட்டு வர முடியாது. சோதிக்கப்படும் எலி மட்டும் மூன்று மணி நேரம் இஷ்டம்போல் திரியும். அளப்பது அது எந்த அறையில் இருந்தது என்பதை மட்டுமல்ல, யாரோடு உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்தது என்ற நேரத்தை. பிரெய்ரி வோல் பெரும்பாலான நேரத்தைத் துணையோடு ஒட்டிக் கழிக்கும். மெடோ வோல் பெரும்பாலும் நடு அறையில் தனியாகக் கிடக்கும். அந்நிய எலி துணையின் வயதிலும் எடையிலும் இல்லாவிட்டால், அல்லது துணையை எப்போதும் இடப்பக்கமே வைத்தால், முடிவு செல்லாது. எலி பக்கத்தைத் தேர்ந்ததா துணையைத் தேர்ந்ததா என்று சொல்ல முடியாமல் போகும்.

இந்தச் சோதனையில், இணை சேராமல் ஆறு மணி நேரம் மட்டும் ஒன்றாக இருந்த பெண் எலிக்குத் துணைப் பற்று உண்டாவதில்லை. மூளைக்குள் ஆக்ஸிடோசின் செலுத்தினால் அந்த ஆறு மணி நேரமே போதுமானதாகிறது. ஆக்ஸிடோசினைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் இணை சேர்ந்த பிறகும் பற்று வருவதில்லை. ஆணில் இதே இடத்தை வாசோபிரஸின் பெரிதும் பிடித்திருக்கிறது என்று 1993-ல் தெரிந்தது. ஒன்பது அமினோ அமிலங்களில் இரண்டு மட்டும் ஆக்ஸிடோசினிலிருந்து மாறியது வாசோபிரஸின்.

இந்த எலிகளின் வித்தியாசம் ஹார்மோனின் அளவில் இல்லை. 1992-ல் தாமஸ் இன்செலும் லாரன்ஸ் ஷாபிரோவும் மூளைச் சீவல்களில் பார்த்தது ஏற்பிகளின், அதாவது செல்லில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களின் இடத்தை. நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதி, உணவோ இணையோ கிடைக்கும்போது 'இது நல்லது, மறுபடி வேண்டும்' என்று பதிய வைப்பது. பிரெய்ரி வோலில் அங்கே ஆக்ஸிடோசின் ஏற்பிகள் அடர்த்தி, மலை வோலில் அங்கே சொற்பம். வானொலி நிலையம் எல்லா ஊருக்கும் ஒரே பாட்டைத்தான் அனுப்புகிறது, பெட்டி வைத்திருக்கிற வீட்டில்தான் பாடும். ஆணில் இதற்குச் சமமான இடம் வென்ட்ரல் பாலிடம் என்ற பகுதி, ஏற்பி வாசோபிரஸினின் வி1ஏ. 2004-ல் லாரி யங்கின் ஆய்வகத்தில் மிராண்டா லிம் குழுவினர் வைரஸ் ஒன்றின் மூலம் அந்த வி1ஏ மரபணுவை மெடோ வோல் ஆணின் அந்த இடத்தில் சேர்த்தார்கள். துணையை லட்சியம் செய்யாத அந்த எலி துணையோடு ஒட்டிப் படுத்தது.

நிறைவு உணர்வைத் தரும் நரம்புச் செய்திப் பொருளான டோபமினை விட்டுவிட்டு எழுதினால் பதில் அரைகுறை. இணை சேரும்போது அக்கம்பென்ஸில் டோபமினும் சுரக்கிறது. டி2 வகை ஏற்பி வழியாக அது ஜோடியை உருவாக்குகிறது. ஆக்ஸிடோசின் வழியாக வரும் துணையின் வாடையும் டோபமின் தரும் நிறைவும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஜோடி நிலைத்து இரண்டு வாரம் ஆன ஆணில் டி1 ஏற்பிகள் கூடிவிடுகின்றன. அதன்பின் அது வேறு பெண்ணைக் கண்டால் கடிக்கப் போகிறது. சேர்வதற்கு ஒரு வழி, சேர்ந்ததைக் காப்பதற்கு இன்னொரு வழி என்று இரண்டும் தனித்தனி.

நீங்கள் இணையத்தில் பார்த்தது 2023 ஜனவரியில் வந்த ஆய்வு. தேவானந்த் மனோலி, நிராவ் ஷா குழுவினர் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களைப் பிறக்க வைத்தார்கள். அவையும் ஜோடி சேர்ந்தன, குட்டி போட்டன, பாலூட்டின. பாலூட்டல் மட்டும் குறைவு, தேறிய குட்டிகளின் எடையும் குறைவு. இதனால் முந்தைய முப்பது ஆண்டு வேலை பொய்யாகிவிடவில்லை. வளர்ந்த எலியில் ஏற்பியைத் திடீரென மருந்தால் அடைப்பது ஒன்று. கருவிலிருந்தே ஏற்பி இல்லாமல் மூளை வளர்வது வேறொன்று. வளரும் மூளைக்கு மாற்று வழி போட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது. 'ஆக்ஸிடோசின் துணைப் பற்றை உண்டாக்க உதவுகிறது, அது இல்லாமலும் பற்று உண்டாக முடியும்' என்று எழுதினால் எந்த ஆசிரியரும் அடிக்க முடியாது. 'காதல் ஹார்மோன்' என்று எழுதாதீர்கள்.

என் ஆண் புறாவின் ஜோடியை வல்லூறு தூக்கிவிட்டது. புதுப் பெட்டையை விட்டால் கொத்தி விரட்டுகிறது. புறா ஒரு துணை போனால் மறு துணை தேடாதாமே?
— புறா வளர்ப்பவர், சைதாப்பேட்டை, வேலூர்

தேடும். நேராகக் கூண்டுக்குள் விட்டதுதான் தவறு. அந்தக் கூண்டு அதன் எல்லை, புதிதாக நுழைவது அதற்கு எதிரி. இரண்டுக்கும் பழக்கமில்லாத வேறு பெட்டியை எடுத்து நடுவில் கம்பி வலை அடியுங்கள். ஆளுக்கொரு தீனி, தண்ணீர். ஒருவாரம் பத்துநாள் அப்படியே இருக்கட்டும். ஆண் கழுத்தை உப்பி, குனிந்து சுற்றிக் குமுறும். பெட்டை வலையருகே வந்து தலையாட்டத் தொடங்கி, இரண்டும் வலையை ஒட்டியே இரவு படுத்தால் வலையை எடுக்கலாம். அலகோடு அலகு கோத்து ஊட்டினால் ஜோடி சேர்ந்தாயிற்று.

இந்தக் குமுறல் வெறும் ஆரவாரம் இல்லை. டேனியல் லேர்மன் மோதிரப் புறாக்களில் காட்டியபடி, கண்ணாடிக்கு அப்பால் ஆண் குமுறுவதைப் பார்த்தாலே பெட்டையின் சினைப்பை வளர ஆரம்பிக்கிறது. பிறகு மெய்-ஃபாங் செங் இன்னும் நுட்பமாகக் கண்டார்: ஆணைப் பார்த்துப் பெட்டை தானே குமுறும் சத்தம் அதன் காதில் விழுந்துதான் மூளை ஹார்மோன்களைத் திறந்துவிடுகிறது. தன் குரலால் தன் உடம்பை எழுப்புகிறது அந்தப் பறவை.

பறவைகளில் ஆக்ஸிடோசினுக்குப் பதில் மீசோடோசின், ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். ஜீப்ரா ஃபிஞ்ச் குருவிகளில் அந்த ஏற்பிகளை அடைத்தால் ஜோடி சேர்வது குலைகிறது என்று 2013-ல் தெரிந்தது. முட்டை வந்தபின் ஆட்சி புரோலாக்டின் என்ற ஹார்மோனுடையது. இரண்டு முட்டை, 17–18 நாள் அடை. பகலின் நடுப்பகுதியில் ஆண், மற்ற நேரம் பெட்டை. அடைகாப்பதால் இருவருக்குமே புரோலாக்டின் ஏறி, பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே தொண்டைப் பை தடித்துப் புறாப்பால் தயாராகிறது. முட்டையை எடுத்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடும். எனவே வேறு ஜோடியிடம் முட்டையையோ குஞ்சையோ மாற்றி வைப்பதென்றால் அதே தேதியில் அடை உட்கார்ந்த ஜோடியாகப் பாருங்கள். பத்து நாள் பிந்திய ஜோடியிடம் பால் இருக்காது, குஞ்சு பட்டினியில் சாகும்.

கோழியை வைத்து வாத்து முட்டை பொரித்தேன். குஞ்சுகள் கோழியின் பின்னாலேயே போகின்றன, வாத்துக் கூட்டத்தில் சேரவில்லை. இதை மாற்ற முடியுமா?
— ஆரணி

இந்த ஈட்டுக்கு வாத்தை அம்மாவாக மாற்ற முடியாது. கொன்ராட் லாரன்ஸ் ஆராய்ந்த பதிவு இதுதான், அதற்கான நோபல் பரிசில் அவருக்கு 1973-ல் பங்கு. முட்டையை விட்டு வந்த குஞ்சு முதல் நாளில் நகர்வதாகவும் கூப்பிடுவதாகவும் எதைக் காண்கிறதோ அதைத் தாயாக எடுத்துக்கொள்ளும். வாத்துக் குஞ்சில் பொரித்த 13 முதல் 16 மணி நேரம் இது உச்சம். கோழிக்குஞ்சில் இந்தப் பதிவு எங்கே உட்காருகிறது என்று கேம்பிரிட்ஜில் கேப்ரியல் ஹார்ன் இடம் குறித்தார். தைராய்டு ஹார்மோன் டி3 மூளைக்குள் ஏறுவதால்தான் அந்த வாசல் திறக்கிறது என்று 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

தாய்ப் பதிவு வேறு, இனத்தோடு கூடி மேய்வது வேறு. மூன்று நான்கு வாரம் கழித்து, கோழியைப் பிரித்து, சம வயது வாத்துக் குஞ்சுகளோடு ஒரே பட்டியில் விட்டால் பழகிக்கொள்ளும். அதுவரை ஆழமான தண்ணீரில் விடாதீர்கள். வாத்துத் தாயின் அடியில் வளராத குஞ்சின் இறகில் எண்ணெய்ப் பசை போதாது, நனைந்து விறைத்துவிடும்.

இதையே உங்களுக்குச் சாதகமாகவும் ஆக்கலாம். இன்குபேட்டரில் பொரித்த கோழிக்குஞ்சுகளை அடைக்கோழியிடம் சேர்க்க வேண்டுமானால், பொரித்த ஓரிரு நாளுக்குள், இருட்டியபின், ஒவ்வொன்றாகச் சிறகுக்கு அடியில் தள்ளுங்கள். இரவெல்லாம் வயிற்றடியில் குஞ்சு நெளிவதும் கீச்சிடுவதும் கோழியையும் குஞ்சையும் ஒன்றாக்கிவிடும். பகலில் முன்னால் விட்டால் கொத்தும்.

நாயின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆக்ஸிடோசின் கூடுமாமே?
— ராணிப்பேட்டை

உண்மைதான், உங்கள் சொந்த நாய் என்றால். 2015-ல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் நாகசாவா, கிகுசுய் குழுவினர் நாயையும் எஜமானரையும் 30 நிமிடம் ஒரே அறையில் விட்டு, முன்னும் பின்னும் இருவர் சிறுநீரிலும் ஆக்ஸிடோசினை அளந்தார்கள். அதிக நேரம் கண்ணோடு கண் பார்த்த ஜோடிகளில் இருவருக்கும் கூடியது. வளர்ப்பு ஓநாய்களில் அப்படி இல்லை. தெரியாத தெரு நாயின் கண்ணை உற்றுப் பார்ப்பது அதற்கு மிரட்டல், கடி வாங்கத்தான் வழி.

ஏலகிரியில் குரங்குகள் மணிக்கணக்காகப் பேன் பார்க்கின்றனவே, அத்தனை பேனா?
— திருப்பத்தூர்

பேனும் உண்ணியும் கொஞ்சம்தான். மெதுவாக முடியைக் கோதும்போது மூளையில் வலியைக் குறைத்து இதம் தரும் எண்டார்ஃபின் என்ற பொருள் கூடுகிறது. 1989-ல் கெவர்ன் குழு டலாபோயின் குரங்குகளின் மூளைத் தண்டுவட நீரில் இதை அளந்தது. எண்டார்ஃபினின் ஏற்பியை அடைக்கும் மருந்து கொடுத்தால், குரங்கு இன்னும் அதிகமாக முதுகைக் காட்டிக் கோதச் சொல்லிக் கேட்கிறது. 2013-ல் உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சிம்பன்ஸிகளின் சிறுநீரைச் சோதித்தபோது, நெருங்கிய கூட்டாளி கோதிவிட்டால்தான் ஆக்ஸிடோசின் ஏறியது, மற்றவர் கோதினால் அப்படி ஏறவில்லை. மலைப்பாதையில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் வீசுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீனி விழுந்த இடத்தில் கோதல் நின்று சண்டை தொடங்குகிறது.

எட்டு வருடம் ஒரே நுகத்தில் உழுத ஜோடியில் ஒரு காளை செத்துவிட்டது. மற்றது மூன்று நாளாகத் தீனி எடுக்கவில்லை, கத்துகிறது. ஏக்கம்தானா? புதுக் காளையை எப்படிச் சேர்ப்பது?
— விவசாயி, பேரணாம்பட்டு

ஏக்கம் என்று முடிவு கட்டுமுன் நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். முதலாவது எதில் செத்தது என்பது முக்கியம், அதுவே இதற்கும் வந்திருக்கலாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இடது பக்க விலாவின் பின்குழியில் முட்டியை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வயிறு அசைவது தெரியும். அசைவே இல்லை என்றாலும், வாயில் புண், எச்சில் ஒழுகல், அசை போடாமை இருந்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். மூன்று நாள் தின்னாத மாட்டுக்குத் திடீரென நிறைய அரிசிக் கஞ்சியோ தானியமோ கொடுத்தால் வயிறு புளித்து உயிருக்கே ஆபத்து.

நோய் இல்லை என்றால் நீங்கள் நினைப்பது பொருந்தும். மாடு மந்தை விலங்கு. தனியே நிறுத்தினால் இதயத் துடிப்பும் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனும் ஏறுவது அளந்து கண்ட உண்மை. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிரெய்ரி வோலில்தான் ஆழமாகப் பார்த்திருக்கிறார்கள். 2009-ல் ஆலிவர் போஷ், லாரி யங் குழுவினர் ஜோடி ஆண்களைத் துணையிடமிருந்து நான்கு நாள் பிரித்தார்கள். தண்ணீரில் விட்டால் அவை நீந்தப் போராடாமல் மிதந்து கிடந்தன. உடன்பிறந்த ஆணைப் பிரித்தபோது இப்படி இல்லை. மூளையில் அழுத்தத்தைக் கிளப்பும் சி.ஆர்.எஃப். என்ற பொருளின் ஏற்பிகளை அடைத்ததும் போராடத் தொடங்கின. ஜோடி சேர்ந்தபோதே சி.ஆர்.எஃப். கூடிவிடுகிறது. துணை அருகில் இருக்கும்வரை அது வேலை காட்டுவதில்லை. பிரிந்ததும் அதன் பிடி இறுகுகிறது. மார்ஃபின் மாதிரி வேலை செய்யும், மூளையே சுரக்கும் ஓபியாய்டும் இதில் சேர்த்தி. மிகச் சிறிய அளவு மார்ஃபின் தாயைப் பிரிந்த நாய்க்குட்டியின் அழுகையைக் குறைக்கும் என்று யாக் பாங்க்செப் 1978-ல் காட்டினார்.

காளையைத் தனித் தொழுவத்தில் கட்டாதீர்கள். வீட்டுப் பசுவோ எருமையோ கண்ணுக்குத் தெரிகிற, மூக்கு எட்டுகிற தூரத்தில் கட்டுங்கள். தீனியை இரண்டு மாடுகளுக்கும் ஒரே நேரத்தில் போடுங்கள், பக்கத்து மாடு மெல்லும் சத்தத்துக்கு இதுவும் வாய் வைக்கும். பசும்புல்லும் நல்ல வைக்கோலும் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் எப்போதும்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் ஜோடி தேடினால் உயரத்தையும் நடை வேகத்தையும் முதலில் பாருங்கள். பழைய காளை இடது பக்கம் உழுததா வலது பக்கம் உழுததா என்பதை நினைவில் வைத்து, எதிர்ப்பக்கம் பழகியதை வாங்குங்கள். வந்ததும் இரண்டு வாரம் தனியே கட்டி, கோமாரித் தடுப்பூசி போட்டதா என்று பார்த்து, பிறகு ஒரு ஆள் இடைவெளியில் பக்கத்தில் கட்டுங்கள். முட்டிக்கொள்ளாமல் ஒன்றை ஒன்று நக்கத் தொடங்கினால் நுகத்தை மட்டும் வைத்துக் காலி நடை விடுங்கள், அரை மணி போதும். அடுத்து வெறும் கட்டை வண்டி. ஏர் கடைசியில். பழைய காளையின் கயிறு, மூக்கணாங்கயிறு, மணி எதையும் கழுவாமல் புதிதுக்குப் போடாதீர்கள். செத்தது நோயில் என்றால் அவற்றை எரித்துவிடுங்கள்.